உதுக்கும் படம் வருமோ, மிஸி

நல்லூர்,
4.3.1984

அன்புள்ள தம்பி தில்லைநாதனுக்கு,

உன் கடிதத்தைத் தரும்போதே தபால்காரர், "கொழும்புத் தம்பியின்ரை கடிதம் இந்த முறை பாரமாய்க் கிடக்கு" என்றார். பாரம் முழுக்க உன் மனைவியின் கேள்விகள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் எல்லாத் தாய்மாருக்கும் வருகிற பயம்தான் பத்மாவதிக்கும் வந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லு. கீழே எழுதுவதைக் குசினிச் சுவரில் ஒட்டி வைக்கட்டும்.

குரக்கன், அதுதான் கேழ்வரகு, இரண்டு பங்கு, உழுந்து ஒரு பங்கு, பயறு ஒரு பங்கு. தனித்தனியே வறுத்து, இடித்து, அரித்து, காற்றுப் போகாத தகரப் பேணியில் போட்டு வைக்க வேண்டும். காய்ச்சும்போது கரண்டியைச் சரித்துப் பார்க்கச் சொல்லு. களி மெதுவாக வழிய வேண்டும். தண்ணீர் போல ஓடினால் பிள்ளைக்கு வயிறுதான் நிறையும், உடம்பு நிறையாது.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. குருநகரில் நான் மருத்துவமாதாக வேலை பார்க்கிற பகுதியில் அற்புதராணி என்று ஒருத்தி இருக்கிறாள். புருஷன் சிமியோன் கடலுக்குப் போகிறவன். அவர்களுடைய பெண்பிள்ளை மரியஸ்ரெல்லாவை மார்கழியில் முதன்முதல் தராசில் தொங்கவிட்டபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. இந்தப் பிள்ளை தப்புமா என்று எனக்குள் ஒரு பயம். இதைக் கொடுக்கத் தொடங்கி மூன்று மாதம். போன கிழமை தராசில் போட்டேன். முள் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பதினாறு வருடம் இந்த வேலை பார்க்கிறேன். இதைவிட நல்ல சாப்பாட்டை நான் காணவில்லை.

உனக்குத் தெரியும்தானே, நான் அங்கே போன புதிதில் ஒருத்தியும் கதவு திறக்க மாட்டாள். பிள்ளைக்கு வயிறு ஓடினால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், குடித்தால் இன்னும் ஓடுமாம். உப்பும் சீனியும் கரைத்துப் பருக்கச் சொல்லி ஆறு வருடம் மல்லுக்கட்டினேன். இப்போது சின்னத்தங்கம் போன்ற மாமிமாரே மருமக்களிடம் என்னைக் காட்டி, "மிஸி சொன்னால் சரி, குடு" என்கிறார்கள். என் பையில் இருக்கிற ஊசி மருந்தை யாரும் கொண்டுவரலாம். இந்தச் சொல்லைத்தான் இன்னொருத்தி கொண்டுவர முடியாது.

பெருமை பேசுகிறேன் என்று சிரிக்காதே. உங்கள் இரண்டு பேரையும் நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கவனமாக இருங்கள்.

உன் அக்கா,
குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
19.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் சுவரில் ஏறிவிட்டது. பத்மாவதி குரக்கன் தேடி மூன்று கடை திரிந்து, கடைசியில் புறக்கோட்டையில் வாங்கி வந்தாள். மகன் முதல் கரண்டியை என் சேட்டில் துப்பினான். இரண்டாவதை விழுங்கினான். இப்போது கிண்ணத்தைக் கண்டாலே கால் அடிக்கிறான்.

அக்கா, நான் பகிடிக்குச் சொல்லவில்லை, நீங்கள் பிழையான வேலையில் இருக்கிறீர்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஒரு சவர்க்கார விளம்பரத்துக்கு இரண்டு வசனம் எழுத ஒரு கிழமை மினக்கெடுகிறோம். நீங்கள் தராசு முள்ளைப் பற்றி எழுதியதை வாசித்துப் பத்மாவதி அழுதாள். கந்தோரில் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்கள்.

பயப்படாதீர்கள். மனேஜர் எங்களைச் சொந்தப் பிள்ளைகள் போலப் பார்க்கிறார். போன ஆடிக் கலவரத்தில் ஒன்பது நாள் எங்களைத் தன் வீட்டு அறையில் பூட்டி வைத்து, வாசலில் வந்து நின்றவர்களுக்கு "இங்கே யாரும் இல்லை" என்று சொன்ன மனிதர். அவர் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுத நான் இல்லை.

ஒரு உதவி வேண்டும். எங்களுடைய படங்கள் எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன. அம்மாவின் படம்கூட இல்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடம் வெள்ளைச் சீருடையில் எடுத்த படத்தில் ஒரு பிரதி அனுப்புவீர்களா? மகனுக்கு அவனுடைய மாமியைக் காட்ட வேண்டும்.

அன்புத் தம்பி,
தில்லைநாதன்

---

நல்லூர்,
10.6.1984

தில்லைநாதன்,

வழக்கமாக முதலில் எழுதுகிற சொல்லை இன்று எழுத மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக். மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் தராசைக் கட்டிக்கொண்டிருந்தேன். அற்புதராணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கையில் ஞாயிறு பத்திரிகையில் வெட்டிய துண்டு.

"மிஸி, உங்கடை படம் பேப்பரிலை."

நான் உன் மகனுக்கு அனுப்பிய படம். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"இந்தப் பிள்ளை தப்புமா என்று எனக்குள் ஒரு பயம். தளிர்மாவைக் கொடுக்கத் தொடங்கி மூன்று மாதம். போன கிழமை தராசில் போட்டேன். முள் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பதினாறு வருடம் இந்த வேலை பார்க்கிறேன். தளிர்மாவைவிட நல்ல சாப்பாட்டை நான் காணவில்லை. குணலட்சுமி, மருத்துவமாது, யாழ்ப்பாணம்."

வேறு யாரும் எழுதியிருந்தால் பொய் என்று கிழித்துப் போட்டிருப்பேன். இது என்னுடைய கை. என் பயம், என் கண்ணீர், என் பதினாறு வருடம். குரக்கனையும் உழுந்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேணியை வைத்திருக்கிறாய். நான் அந்தப் பேணியைக் கண்ணால் கண்டதில்லை.

அற்புதராணிக்குக் கோபம்கூட இல்லை. செல்லக் குறைதான். "நல்ல மா கடையிலை இருக்கேக்கை எங்களைக் கிடந்து குரக்கன் இடிக்க விட்டிட்டியள், என்ன மிஸி? நாங்கள் வாங்கமாட்டம் எண்டு நினைச்சியளோ?" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தம்பி, நான் தராசுக் கயிற்றை இறுக்கினேன். "வரிசையிலை வாங்கோ" என்றேன்.

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவள் ஒரு சாமானுக்குச் சாட்சி சொல்லக்கூடாது. எங்கள் வைத்திய அதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டால் உன்னைக் காட்டிக் கொடுப்பதா, நானே எழுதினேன் என்பதா? அதைவிடு. அந்தப் பெண்களுக்கு நான் என்ன சொல்ல? அதே பத்திரிகையில், அதே அளவில், அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல என்று போட ஒழுங்கு செய். அதுவரை எனக்கு எழுதாதே.

ஒன்றை மட்டும் சொல்லு. உன் மகனுக்கு இப்போது என்ன கொடுக்கிறீர்கள்?

குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
21.6.1984

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

படத்தை மகனுக்காகத்தான் கேட்டேன். இதை நம்புங்கள். அது அவன் தொட்டிலுக்கு மேலே தொங்கியது. பிறகு தளிர்மாக் கொம்பனி எங்களிடம் வந்தது. தமிழ் விளம்பரம் முழுவதும் என் பொறுப்பு. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். உயிர் இல்லையாம். உங்கள் கடிதத்தை முன்பு கேட்ட ஒருவர் மனேஜரிடம், "தில்லை ஒருநாள் ஒரு கடிதம் வாசித்தாரே" என்று சொல்லிவிட்டார். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அதைக் கொண்டு வா" என்றார். ஒன்பது நாள் கதவைப் பூட்டி என்னைக் காத்த மனிதர் அதைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் வேறு பெயர்தான் போட்டிருந்தேன். உண்மையான ஆள் இருந்தால்தான் சனம் நம்பும் என்றார்கள்.

மா கெட்ட மா அல்ல, அக்கா. ஆய்வுகூட அறிக்கையைப் பார்த்தேன். சொன்ன அளவில் காய்ச்சினால் பிள்ளைக்கு நல்லதுதான். நீங்கள் சொன்னதை நாங்கள் மாற்றவில்லை, எதைப் பற்றிச் சொன்னீர்கள் என்பதைத்தான்... சரி. இந்த வசனத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மறுப்புப் போட்டால் கொம்பனி எங்கள் கந்தோரை விட்டுப் போய்விடும். அன்று மாலையே என் மேசை காலியாகும். கொழும்பில் வேறு எவர் இன்று ஒரு தமிழனைப் புதிதாக வேலைக்கு எடுப்பார்? கைக்குழந்தையோடு அங்கே வந்து என்ன செய்வேன்? உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஓம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். யாரும் கேட்டால் பேசாமல் இருங்கள். இரண்டு மாதம்தான். பிறகு வேறு விளம்பரம் வந்துவிடும், சனம் மறந்துவிடும்.

தம்பி,
தில்லைநாதன்

---

நல்லூர்,
2.9.1984

தம்பி,

இரண்டு மாதம் முடிந்துவிட்டது. நீ கேட்டபடி பேசாமல் இருந்தேன்.

சனம் மறக்கவில்லை. மறக்கிற மாதிரி நீங்கள் விடவும் இல்லை. நல்லூர்த் திருவிழாவில் தளிர்மாக்காரர் தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். அதன் வாசலில் நான் ஆள் உயரப் படமாக நின்றேன். தேர் பார்க்க வந்த சனம் என் வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று மோர் குடித்தது. முருகனைக் கும்பிடப் போனவள், முன்வாசலால் போக வெட்கப்பட்டுப் பின் ஒழுங்கையால் சுற்றிப் போனேன். குருநகரில் நீக்கிலாப்பிள்ளையின் கடையில் பேணிகளை அடுக்கி மேலே என்னை ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் என்னைக் கண்டு, "மிஸியாலை எங்களுக்கு நல்ல வியாபாரம்" என்கிறார். உபசாரமாகத்தான் சொல்கிறார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஆடி மாதம் அற்புதராணி என்னைத் தனியே பிடித்துக் கேட்டாள். "மிஸி, உண்மையாய் நீங்கள்தானே சொன்னது? கடலுக்குப் போறதுக்கும் நேவிக்காரர் நேரம் குறிச்சுப்போட்டாங்கள். இவருக்கு உழைப்பு இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதெண்டால் எப்பிடியும் வாங்குவன்."

வேண்டாம், குரக்கனையே கொடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படிச் சொன்னால் 'அப்ப படம்?' என்று கேட்பாள். நானில்லை என்றால் யார் என்று கேட்பாள். உன் முகமும் பத்மாவதியின் முகமும் வந்து நின்றன. "பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால் குடு" என்றேன். பதினாறு வருடத்தில் ஒரு தாய்க்கு நான் சொன்ன மிகக் கேவலமான சொல் அதுதான்.

ஒரு பேணியை ஒரு மாதம் இழுக்கிறாள். போன கிழமை அவள் வீட்டுக்குப் போய்க் காய்ச்சுவதைப் பார்த்தேன். கரண்டியைச் சரித்தால் வெள்ளைத் தண்ணீர் ஓடுகிறது. மரியஸ்ரெல்லாவின் நிறை அட்டையில் மார்கழியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த கோடு ஆடியில் படுத்தது, ஆவணியில் இறங்கியது. இன்னும் ஒன்பது அட்டைகளில் அப்படி. உரல் இப்போது வீடுகளில் கவிழ்ந்து கிடக்கிறது. "மிஸியே பேணிக்கு மாறிட்டா, நாங்கள் ஏன் இடிக்கவேணும்" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. உன் மகனுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

அக்கா

---

வெள்ளவத்தை,
20.9.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மனேஜரிடம் மேலோட்டமாகச் சொன்னேன். ஏழைத் தாய்மார் பேணியை இழுத்துக் கொடுக்கிறார்களாம், அது நல்லதல்ல என்றேன். அவர் உடனே கொம்பனியோடு கதைத்தார். நல்ல முடிவு ஒன்று வந்திருக்கிறது. உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி தளிர்மா இலவசமாக அனுப்புகிறார்கள். குறைவாய்க் கரைக்க வேண்டிய தேவை இனி இல்லை. நேரே கிளினிக் விலாசத்துக்கு, உங்கள் பெயருக்கு, புகையிரதத்தில் போட ஒழுங்கு செய்துவிட்டேன்.

மறுப்பைப் பற்றியும் யோசிக்கிறேன். தைக்குப் பிறகு கொம்பனியோடு புது ஒப்பந்தம் எழுதும்போது உங்கள் படத்தை எடுத்துவிடச் சொல்லிப் பார்க்கலாம். இப்போது கேட்டால் காரணம் கேட்பார்கள்.

பத்மாவதி என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உங்கள் கடிதங்களை அவள் எடுத்து வைத்துக்கொள்கிறாள். தொட்டிலுக்கு மேலே இருந்த படத்தையும் கழற்றிவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

மகன் நலமாக இருக்கிறான். நிற்கப் பழகுகிறான்.

தம்பி,
தில்லைநாதன்

---

நல்லூர்,
28.10.1984

தில்லைநாதன்,

மரியஸ்ரெல்லா செத்துப்போனாள். ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதுகிறேன். நீ அழகாக்கி வாசிக்காதே.

உன் பெட்டி இந்த மாதம் ஐந்தாம் திகதி வந்தது. கிளினிக் நேரம். கைவண்டிக்காரர் நாற்பது தாய்மாருக்கு நடுவில் அதை இறக்கி, "குணலட்சுமி மிஸிக்குக் கொம்பனி அனுப்பினது, கையெழுத்து வையுங்கோ" என்றார். சின்னத்தங்கம், அற்புதராணியின் மாமி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "இப்பதான் விளங்குது. மிஸிக்குப் பங்கு வருது." நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்து கொடுத்திருந்தாலும் பிழை, கொடுக்காமல் விட்டதும் பிழை. ஒளித்து விற்கப் போகிறேன் என்று கதை கட்டினார்கள். அடுத்த கிளினிக்குக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள்.

பதினாறாம் திகதி, பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லி ஓடினேன். போத்தலில் கொதித்தாறிய தண்ணீர், உப்பு, சீனி எல்லாம் கொண்டு போனேன். பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு, தாங்க ஒன்றும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். சிமியோன் வேலை தேடி மன்னார்ப் பக்கம் போயிருந்தான். அவர் வந்தபிறகு பார்ப்போம் என்றாள். அப்படியென்றால் இதையாவது கரண்டி கரண்டியாகப் பருக்கு என்று கரைக்கத் தொடங்கினேன்.

அற்புதராணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தம் போடவில்லை. "உதுக்கும் படம் வருமோ, மிஸி?" என்று கேட்டாள்.

ஆறு வருடம் மல்லுக்கட்டி அவர்களை மாற்றினேன் என்று உனக்கு எழுதினேனே. ஒரு கேள்வியோடு எல்லாம் பழையபடி போய்விட்டது. சின்னத்தங்கம் மல்லித் தண்ணீரில் ஒரு விரலை நனைத்துப் பிள்ளையின் உதட்டில் தடவினாள். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்தநாள் காலையில் போனேன், கதவு திறக்கவில்லை. நான் வாசலில் நின்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் மத்தியானம் சிமியோன் வந்து, சைக்கிள் பாரில் துணியால் சுற்றி வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். சேலைன் ஏற்ற நரம்பு அகப்படவில்லை. அன்று பின்னேரம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் போனேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. எனக்கு இருக்க ஒரு கதிரைகூடப் போட்டார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

உன்னை மட்டும் திட்ட எனக்கு உரிமை இல்லை. நீ எழுதினாய், நான் பேசாமல் இருந்தேன். ஆடி மாதம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும், அந்தப் பிள்ளை இருந்திருக்கும். நான் உன்னைத்தான் தெரிந்தெடுத்தேன், தம்பி. எந்த அக்காவும் செய்வதுதானே என்று மனம் சொல்கிறது. அதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குணலட்சுமி

---

வெள்ளவத்தை,
9.11.1984

அக்கா,

மகனுக்குக் குரக்கன் கொடுக்கிறோம். முதல் நாளிலிருந்து. தளிர்மா எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கந்தோரில் தந்த பேணியைப் பத்மாவதி வாசலிலேயே திருப்பிவிட்டாள். நீங்கள் கேட்ட இரண்டு முறையும் இதைத்தான் எழுத முடியாமல் போனது.

பத்திரிகைக்கு என் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தேன். அந்த விளம்பரத்தில் உள்ளவை மருத்துவமாது அந்த மாவைப் பற்றிச் சொன்னவை அல்ல, எழுதியவன் நான் என்று. விளம்பரப் பகுதியில் இருக்கிற ஒருவர் அதை மனேஜரிடமே அனுப்பிவிட்டார். போடமாட்டார்களாம். தளிர்மா அவர்களுக்கு ஞாயிறுதோறும் வருகிற விளம்பரம்.

மனேஜர் என்னைத் திட்டவில்லை. "உன்னை என் வீட்டில் வைத்திருந்தபோது நானும் வாசலில் பொய்தான் சொன்னேன்" என்றார்.  அதற்கான பதில் படியிறங்கிய பிறகுதான் எனக்கு வந்தது. அவர் பொய் சொன்னது கொல்ல வந்தவனிடம். நான் சொன்னது நம்பி வந்தவளிடம்.

இனி அங்கே வேலை இல்லை. பத்மாவதியையும் மகனையும் அவளுடைய சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். புகையிரதம் ஓடினால் மார்கழி முதற் கிழமை. ஓடாவிட்டால் பஸ்ஸில். கிளினிக் வெள்ளிக்கிழமைதானே? எனக்காக ஒன்றும் சொல்லி வைக்காதீர்கள். அந்தத் தாய்மார் முன்னால் நானே சொல்கிறேன்.

தில்லைநாதன்

---

நல்லூர்,
6.1.1985

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததைப் பத்மாவதி எழுதியிருந்தாள். வவுனியாவில் இறக்கிச் சோதித்ததையும் எழுதியிருந்தாள். நீ எழுதவில்லை. நீ எழுதப் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். அது உனக்கு நல்லதுதான், கொஞ்ச நாளைக்கு.

நீ போனபின் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று மண்டபத்தில் நீ எழுந்து நின்று சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, அவர்களுடைய முகங்களைத்தான் பார்த்தேன். பாதிப்பேர் நம்பவில்லை. அக்காவைக் காப்பாற்ற வந்து நடிக்கிறான் என்று நினைத்தார்கள். பின்னால் நின்ற அற்புதராணி, "உங்கடை பிள்ளைக்கு என்ன குடுக்கிறியள்?" என்று கேட்டாளே, நீ தலையைக் குனிந்து, "குரக்கன்" என்றாயே, அப்போதுதான் எல்லோரும் நம்பினார்கள். ஒருவன் தன்னை இவ்வளவு கேவலமாக்கிப் பொய் சொல்ல மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் நீக்கிலாப்பிள்ளை அன்று பின்னேரமே என் படத்தைக் கிழித்துவிட்டார். சுவரில் பசை ஒட்டிய தடம் மட்டும் இருக்கிறது.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் அற்புதராணி வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டாள். தேத்தண்ணி தந்தாள்.  பிறகு சொன்னாள்: "உங்கடை தம்பி பொய் எழுதினவர். அதை எங்களுக்கு முன்னாலை வந்து சொல்லிப்போட்டார். உவர் சொன்னதை நான் இனி நம்புவன். நீங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லை, மிஸி. நான் கேக்கேக்கை ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. அதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

 "ஓம், பிள்ளை" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வேலை எப்படி நடக்கிறது என்றால், இந்த மாரியில் வயிற்றோட்டம் வீட்டுக்கு வீடு. கூப்பிடுகிறார்கள், அது பெரிய காரியம். உப்பும் சீனியும் கரைக்கிறேன். பிள்ளைக்குக் கொடுக்கும் முன், "நீங்கள் குடியுங்கோ பாப்பம், மிஸி" என்கிறார்கள். முதல் வீட்டில் அழுகை வந்தது. குடித்தேன். இப்போது கேட்க முன்பே ஒரு பேணி ஊற்றி அவர்களுக்கு முன்னால் நின்று குடித்துவிடுகிறேன். நேற்று ஏழு வீடு, ஏழு பேணி. குடித்தபின் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார்கள். பிறகு பிள்ளையின் வாயில் கரண்டியை வைப்பார்கள். இந்த ஒரு மாதத்தில் ஒரு பிள்ளையும் சாகவில்லை.

நேற்று ஏழாவது வீட்டில் நான் குடிக்கும்போது வாசலில் அற்புதராணி நின்றாள். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய உலக்கை. அந்த வீட்டுக்காரியிடம் கொடுத்து, "இதை வைச்சு இடி. எனக்கு இப்ப தேவையில்லை" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் போய்ச் சேர முடியாத வீடுகள் இருக்கின்றன. ஊரடங்கு வந்தால் ஒரு வீட்டுக்கும் போக முடியாது. தண்ணீர் கரைக்கும் முறையை ஒரு சின்னத் துண்டுப் பிரசுரமாக எழுதித் தா. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. வயிறு ஓடும்போது தண்ணீரை நிறுத்தக்கூடாது. பிள்ளை சோர்ந்தால், கண் உள்ளே போனால், யாரையும் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இவ்வளவுதான். பெரிய எழுத்தில், வாசிக்கத் தெரியாதவளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு மூச்சில் வாசித்துக் காட்டக்கூடியதாக. உன்னைப்போல எழுத எனக்குத் தெரிந்த வேறு ஆள் இல்லை.

யாரும் கண் கலங்கத் தேவையில்லை. படம் வேண்டாம். அடியில் உன் முழுப்பெயரையும் வெள்ளவத்தை விலாசத்தையும் போடு, சந்தேகம் உள்ளவள் உன்னிடம் எழுதிக் கேட்கட்டும். என் பெயரைப் போடாதே.

நாளைக்குக் குருநகரில் ஆறு வீடு இருக்கிறது. இரண்டு போத்தல் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறேன், நான் குடிக்கிறதுக்கும் சேர்த்து.

உன் அக்கா,
குணலட்சுமி